துணி வாங்க வந்தவர்

எங்கள் தெருவில் பஸ் நிறுத்தத்திலிருந்து மூலைக் கறிக்கடை வரை நடந்தால் ஏழு பாஷை காதில் விழும். எனக்கு அதில் இரண்டரை தெரியும். அந்த அரை, எண்களும் வசவுகளும். ஜெராக்ஸ் கடை நடத்த அதுவே தாராளம். எந்தப் பாஷைக் காகிதமானாலும் மெஷின் பாகுபாடு பார்ப்பதில்லை. பதினாறு வருஷமாக இந்தத் தெருவின் பிறப்பு, படிப்பு, கல்யாணம், விவாகரத்து எல்லாம் என் கண்ணாடிமேல் கவிழ்ந்து படுத்து எழுந்து போயிருக்கின்றன. யார் வீட்டில் என்ன காகிதம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். யார் வீட்டில் ஒன்றுமே இல்லை என்பதும் தெரியும்.

ஒரு காகிதமும் இல்லாத வீடு என் கடைக்கு நேர் எதிரே இருந்தது. பார்ப்பவர்களுக்கு அது நாலு மாடிக் கட்டடத்தின் கீழே இருக்கும் ஒரு சலவைக் கடை. முன்னால் ஒரு மேசை, துணி வாங்க வருகிறவர்கள் உட்கார ஒரு முக்காலி. இடது பக்கம் துவைக்கிற மெஷின் இரண்டு, காயவைக்கிற பெரிய மெஷின் ஒன்று. ஜன்னலோரம் ஆவி இஸ்திரி. அதன் முன்னால் காலை ஏழு மணிக்கு நின்றால் மாலை வரை நகராத ஒரு மனிதர். அவருக்குத் தெருவில் பெயரே இஸ்திரிதான். மேசைக்குப் பின்னால் இருந்து கடையை ஆள்வது அவர் மனைவி, கடைக்காரம்மா. அவர்களுக்குப் பின்னால் கம்பிகளில் வரிசை வரிசையாகத் தொங்கும் உடுப்புகள். அந்த உடுப்புகளை விலக்கிக்கொண்டு போனால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கேதான் அவர்கள் இரண்டு பேரும், பள்ளிக்கூடம் போகும் மகளும், இஸ்திரியின் அப்பாவும் பதினோரு வருஷமாகக் குடியிருந்தார்கள்.

ஒப்பந்தத்தில் ‘வியாபாரத்துக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தது. குடியிருப்பது தெரிந்தால் கடையையும் காலி செய்ய வேண்டியதுதான். கட்டடக்காரருக்கு விஷயம் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்கும் சேர்த்துத்தான் அவர் வாடகை வாங்கினார். மற்றபடி கோப்போடு வருகிற எவன் கண்ணிலும் படாமல் வாழ்வதைக் கடைக்காரம்மா ஒரு தொழிலாகவே கற்று வைத்திருந்தாள். மெத்தைகளைச் சுருட்டி அழுக்குத் துணிப் பைகளுக்குள் திணித்து விடுவாள். குக்கர் சோப்புத்தூள் பெட்டிகளுக்குப் பின்னால். வெங்காயம் வதக்குவது பெரிய மெஷின் ஓடும்போது மட்டும், அந்தச் சூட்டு வாடையில் எதுவும் தெரியாது. வீட்டுத் துணிகளிலும் மஞ்சள் சீட்டைக் குத்தி, வாடிக்கையாளர் துணிகளுக்கு நடுவே தொங்கவிட்டிருந்தாள். மகளின் பள்ளிக்கூடச் சட்டைக்கு நம்பர் தொள்ளாயிரத்து மூன்று. ஒருமுறை நான் என் கோட்டை வாங்கப் போனபோது தவறி இஸ்திரியின் கல்யாணச் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

பெரியவருக்குக் கண் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. கோப்போடு யாராவது தெருவில் திரும்பினால் கடைக்காரம்மா பெரிய மெஷினை வெறுமனே ஓட விடுவாள். அதுதான் அவருக்குச் சைகை. கம்பியைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்து முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். வந்தவன் கேட்டால், “நான் துணி வாங்க வந்தவன்” என்பார், இந்த ஊர்ப் பாஷையில். இந்த ஊர்ப் பாஷையில் அவருக்கு முழுசாகத் தெரிந்த ஒரே வாக்கியம் அதுதான். உடனே கடைக்காரம்மா அலமாரியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுப்பாள். அதற்குள் இருப்பது ஒரு பழைய துண்டு. பெரியவர் அதை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு, வாசலில் இறங்கி இடது பக்கம் திரும்பி, சுவரைத் தடவியபடி மழைத்தண்ணீர்க் குழாய் வரை போய், பின்சந்தில் நுழைந்து, பின்கதவு வழியாக அறைக்குள் வந்துவிடுவார். மின்சாரக்காரன், தீயணைப்புச் சோதனைக்காரன், சுகாதாரக்காரன் என்று இத்தனை வருஷத்தில் இருபது தடவையாவது நடந்திருக்கும். ஒரு தடவைகூட மனிதர் பிசகியதில்லை. ஆள் போனதும் உள்ளிருந்து குரல் வரும்.

“நல்லாச் சொன்னேனா?”

“நல்லாச் சொன்னீங்க மாமா.”

வேலைவெட்டி இல்லாமல் மகன் சோற்றைத் தின்கிறோமே என்று குமைந்துகொண்டிருந்த மனிதருக்கு இது ஓர் உத்தியோகம். அதை அவர் எவ்வளவு பெருமையாகப் பார்த்தார் என்பது எதிர்க்கடையிலிருந்தே எனக்குத் தெரியும்.

போன வருஷம் தெரு மாற ஆரம்பித்தது. முதலில் மூலைக் கறிக்கடை போய், ஒரு கோப்பை காப்பிக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு கேட்கும் கடை வந்தது. சாவிக்காரன் போனான், முடிவெட்டுகிறவன் போனான். எதிர்வரிசையில் நாலு கட்டடத்தை மொத்தமாக ஒரு கம்பெனி வாங்கிவிட்டதாகச் சொன்னார்கள். கோடியில் இருந்த கட்டடத்தை இடிக்கத் தொடங்கியதும் தூசி தெருவையே மூடிற்று. அந்தத் தூசியில் வெள்ளைத் துணி வெளுப்பது என்றால் என்ன என்று கடைக்காரம்மாவைக் கேட்க வேண்டும். மேல்மாடி நர்சுகளின் உடுப்பைக் காலையில் துவைத்துத் தொங்கவிட்டால் மத்தியானம் சாம்பல் பூத்திருக்கும். மறுபடி துவைப்பாள். முணுமுணுப்பாளே தவிர, ஒருநாளும் தூசியோடு துணியைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கணக்கெடுப்பு ஆள் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு. எதிரே மெஷின் வெறுமனே ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. இங்கே யாராவது குடியிருக்கிறீர்களா என்று கேட்டான். கடை மட்டும்தான் என்றாள். இவர் யார் என்றான். பெரியவர் தன் வாக்கியத்தைச் சொன்னார், பொட்டலத்தை வாங்கினார், போனார். எல்லாம் வழக்கம்போல் சுத்தமாக நடந்தது.

மூன்று வாரம் கழித்து அறிவிப்பு ஒட்டினார்கள். இடிக்கப்போகும் கட்டடங்களில் குடியிருக்கிறவர்களுக்கு இதே வட்டாரத்தில் வீடு உண்டு, பழைய வாடகைக்கே. வீடு கட்டி முடியும்வரை தற்காலிக அறையும் உண்டு. கீழே பட்டியல். இரண்டாம் மாடி ரொட்டிக்காரர் இருந்தார், நர்சுகள் இருந்தார்கள், பூனை வளர்க்கும் டாக்சிக்காரர்கூட இருந்தார். தரைத்தளத்துக்கு நேரே ‘சலவைக் கடை, குடியிருப்பு இல்லை’ என்று போட்டிருந்தது. கடைகளுக்கு ஒன்றும் கிடையாது, மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

கடைக்காரம்மா பட்டியலை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள். பின்னாலேயே இஸ்திரியும் வந்தார். அவர் மெஷினை விட்டு வெளியே வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பகல் வெளிச்சத்தில் மனிதர் வெளிறிப்போய் இருந்தார்.

“அண்ணே, இதுக்கு ஒரு மனு எழுதணும். நாங்க இங்கதான் குடியிருக்கோம்னு.”

“எழுதிடலாம்மா. ஆதாரம் என்ன இருக்கு? கரண்டு பில்லு?”

“கடை பேர்ல.”

“பாப்பா ஸ்கூல்ல என்ன அட்ரஸ் குடுத்திருக்க?”

“எங்க அக்கா வீட்டு அட்ரஸ். இங்கேன்னு குடுத்தா மாட்டிக்குவோம்ல.”

“பெரியவர் ஆஸ்பத்திரிச் சீட்டு?”

“அதுவும் அக்கா வீடுதான்.”

“பேங்க்கு? எதாச்சும் லெட்டர்? ஒரு கல்யாணப் பத்திரிகையாவது இந்த அட்ரஸுக்கு வந்திருக்கா?”

அவள் யோசித்தாள். நான் மெஷினை அணைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு கடிதம் வந்திருந்தால் போதும்.

“ஒண்ணும் வரவிட்டதில்லண்ணே,” என்றாள் கடைசியில். “அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தேன்.”

இஸ்திரி முதல்முறையாக வாயைத் திறந்தார். “அந்தாளு கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்.”

“ஏன், நீங்க சொல்றதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நான் எப்பப் பேசியிருக்கேன். நீதான பேசுவ.”

“ஆமா, நான்தான் பேசினேன். உங்கப்பனுக்கும் உங்களுக்கும் பாப்பாவுக்கும் சேத்து நான்தான் பதினோரு வருஷமாப் பேசினேன். இப்ப அதுவும் தப்பாப் போச்சு.”

அவள் அழவில்லை. என் மேசைமேல் கிடந்த பழைய பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரம் சேர்த்து அடுக்கினாள். கை சும்மா இருக்கத் தெரியாதவள்.

சாட்சி தேடினோம். ரொட்டிக்காரர் நல்ல மனிதர். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் வந்து, முடியாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அறையில் பட்டியலில் இல்லாத அவர் தம்பியும் இருந்தான். அவர் வாயைத் திறந்தால் அதுவும் கிளறப்படும். நர்சுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அதற்குள் போய்விட்டார்கள், போன இடம் யாருக்கும் தெரியவில்லை. சரி, நான் இருக்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டு, அறிவிப்பில் போட்டிருந்த அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண்மணி என் கடிதத்தைப் படித்துவிட்டு, உங்கள் கடை எந்த வரிசை என்று கேட்டார். சொன்னேன். உங்கள் வரிசை அடுத்த வருஷம், உங்கள் ஒப்பந்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறதா, பார்க்கட்டுமா என்றார். மிரட்டல் மாதிரிகூட இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். நான் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைக்காரம்மாவிடம் கடை நடத்துகிறவர்கள் சாட்சி செல்லாதாம் என்று சொன்னேன். அந்தப் பொய்யை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஆனாலும் சாட்சி இல்லாமலே அனுப்பிய மனு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் விசாரிக்க ஓர் அதிகாரி வருவார் என்று கடிதம் வந்தது. அந்த முகவரிக்கு அந்தக் குடும்பத்தின் பெயரில் வந்த முதல் கடிதம். கடைக்காரம்மா அதைக் கொண்டுவந்து கொடுத்து, “இதை நாலு காப்பி எடுங்கண்ணே” என்றாள். எதற்கு நாலு என்று நான் கேட்கவில்லை. அந்தக் கடிதத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பகல் முழுக்க வீட்டில் இருக்கும் உறுப்பினர் யாரோ அவர் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதாவது பெரியவர்.

அன்றையிலிருந்து அந்த அறையில் பாடம் நடந்தது. நான் ஒருநாள் தேநீர் குடிக்கப் போயிருந்தபோது அது என் காதில் விழுந்தது.

“மாமா, அவர் வந்து யாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?”

“நான் இங்கதான் இருக்கேன். பதினோரு வருஷமா. இவன் என் மகன், இவ மருமக, பேத்தி ஸ்கூலுக்குப் போயிருக்கு.”

“அவ்வளவுதான். அப்படியே சொல்லுங்க.”

“சொல்றேம்மா. ஆனா இதைப் போயி வெளியாள்கிட்ட எப்படிச் சொல்றது? வாய் கூசுது.”

“கூசக் கூடாது மாமா. இது சட்டப்படி சொல்றது.”

“சட்டம் நம்ம பக்கம் எப்ப வந்துச்சு?”

“இந்த ஒரு தடவைதான் வந்திருக்கு. சொதப்பிடாதீங்க.”

“நான் எப்பம்மா சொதப்பியிருக்கேன்?” என்றார் பெரியவர், கொஞ்சம் கோபமாகவே.

வியாழக்கிழமை தூறலாக இருந்தது. தூசி அடங்கி, தெரு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நான் கடையைப் பாதி சாத்திவிட்டு அவர்களுக்குத் துணையாகப் போய் நின்றேன். கடைக்காரம்மா மெஷின் எதையும் ஓட விடவில்லை. பின்னறை விளக்கைப் போட்டு, மறைப்பாக இருந்த உடுப்புகளை எல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தாள். மெத்தைகள் விரித்துக் கிடந்தன. குக்கர் நடுவில் இருந்தது. வீட்டுத் துணிகளின் மஞ்சள் சீட்டுகள் எல்லாவற்றையும் முதல் நாளே பிய்த்து எறிந்துவிட்டாள். வெங்காயத்தைத் தாராளமாக வதக்கி முட்டைக்குழம்பு வைத்திருந்தாள். அந்த வாசனை தெருவுக்கு வந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாக உணர்ந்தேன். காப்பிக்கடைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகாரி சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். முப்பது வயது இருக்கும். குடையை வாசலிலேயே மடக்கி வைத்துவிட்டு, கடைக்காரம்மாவைப் பார்த்து, “வணக்கம் அக்கா, சாப்பிட்டீங்களா?” என்றார். நம் பாஷை. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை பெரிய அலுவலகத்தில் நம்மவர் ஒருவர் இருக்கிறாரா, அவரே தேடி வந்திருக்கிறாரா. இஸ்திரி என் தோளைப் பிடித்து அழுத்தினார். கடைக்காரம்மாவின் முகத்தில் பத்து வயது குறைந்தது.

அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். மெத்தையைத் தொட்டார், குக்கர் மூடியைத் திறந்து சிரித்தார், மகளின் புத்தகங்களைப் புரட்டினார்.

“அக்கா, எனக்குப் பார்த்ததுமே தெரியுது. இது வீடுதான். ஆனா இதெல்லாம் நேத்துக் கொண்டுவந்து வச்சதுன்னு மேல சொல்லுவாங்க. ஐயா ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் பதிவு பண்ணிடுவேன், யாரும் கேள்வி கேக்க முடியாது. நீங்கள்லாம் கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க.”

நாங்கள் இஸ்திரி மெஷின் பக்கம் ஒதுங்கி நின்றோம். பெரியவர் மெத்தையில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி அவர் எதிரே குந்தி உட்கார்ந்து மொபைலில் பதிவை ஓடவிட்டார்.

“ஐயா, நல்லா இருக்கீங்களா? உடம்பெல்லாம் எப்படி இருக்கு?”

பெரியவர் முகத்தைத் தூக்கி அந்தக் குரல் வந்த திசையைப் பார்த்தார்.

“பயப்படாதீங்க. உங்க மகன் மாதிரி நெனச்சுக்குங்க. நீங்க இங்கதான குடியிருக்கீங்க? என்கிட்ட தாராளமாச் சொல்லலாம்.”

பெரியவர் கையை ஊன்றி எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, முன்பக்கம் வந்தார். முக்காலியைக் காலால் தேடி உட்கார்ந்தார். பிறகு இந்த ஊர்ப் பாஷையில், ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

“நான் துணி வாங்க வந்தவன்.”

“மாமா” என்று தொடங்கிய கடைக்காரம்மாவை அதிகாரி கையமர்த்தினார்.

“ஐயா, நம்ம பாஷையிலயே பேசலாம். இவங்க உங்க மருமக தான?”

“நான் துணி வாங்க வந்தவன்,” என்றார் பெரியவர் மறுபடியும், அதே பாஷையில், இன்னும் உறுதியாக.

அதிகாரி மொபைலை அணைத்தார். கோப்பைத் திறந்து ஒரு தாளைப் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது.

“சார், அவர் என் மாமனாரு. பயத்துல சொல்றாரு. பழக்கத்துல சொல்றாரு. நாங்கதான் அப்படிச் சொல்லச் சொல்லிப் பழக்கினோம். இன்னொரு தடவை கேளுங்க சார்.”

“தெரியுதுக்கா. எனக்குப் புரியாமயா? ஆனா பதிவாயிடுச்சு. அதை அழிக்க எனக்கு வழி இல்ல. போன தடவை கணக்கெடுத்தப்பவும் ‘வயதான வாடிக்கையாளர் ஒருவர்’னு எழுதியிருக்கு. அவர் அன்னைக்குச் சொன்னதும் இன்னைக்குச் சொன்னதும் ஒண்ணா இருக்கு. இனி நானே வந்து சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க.”

இஸ்திரி போய்த் தன் மெஷின் முன்னால் நின்றுகொண்டார்.

பெரியவர் முக்காலியிலிருந்து எழுந்து நின்று கையை நீட்டினார். பொட்டலம் வரவேண்டும். வரவில்லை. மருமகள் தன் பங்கை மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார் போல, தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாவது தடவையும் சொன்னார். நீட்டிய கையை மடக்கவில்லை.

கடைக்காரம்மா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் அலமாரிக்குப் போனாள். அந்தப் பழைய பொட்டலத்தை எடுத்து, மேலே இருந்த தூசியை முந்தானையால் துடைத்து, அவர் கையில் வைத்தாள். பெரியவர் தலையை ஆட்டிவிட்டு வாசலில் இறங்கி இடது பக்கம் திரும்பினார். அதிகாரி குனிந்து எதையோ எழுதினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பின்சந்தைப் போன வாரம் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு மாதமாக அவர் வெளியில் வரவேயில்லை. பின்னாலேயே ஓடினேன்.

குழாயைத் தாண்டி, தகரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தூறலில் தலை நனைந்திருந்தது. ஒரு கையில் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் தகரத்தை மேலும் கீழும் தடவி வழி தேடிக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டு அப்படியே அசையாமல் நின்றுவிட்டார்.

“நான்தான் பெரியவரே, ஜெராக்ஸ்.”

“நீயா தம்பி.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவன் போய்ட்டானா?”

“போயிடுவாரு.”

“நம்ம பாஷையில பேசிக்கிட்டு வர்றான் பாத்தியா. சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி, மகன் மாதிரின்னு எவ்வளவு தேன். கோப்பு வச்சிருக்கிறவன் எவன் நம்மகிட்ட இப்படிப் பேசியிருக்கான்? எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, இவன் வேவு பாக்க வந்தவன்னு. பாவம், அது சின்னப்பொண்ணு, ஏமாந்துபோச்சு. மெஷினைக்கூட ஓட விடல. நல்லவேளை நான் சுதாரிச்சுக்கிட்டேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரத்தில் ஜில்லென்று இருந்தது.

“இங்க என்னமோ மறிச்சு வச்சிருக்காங்களே தம்பி. எப்படி உள்ள போறது?”

“முன்பக்கமாப் போயிடலாம்.”

“அவன் போகட்டும், அப்புறம் போவோம்.” தகரத்தில் சாய்ந்து நின்றுகொண்டார். முகத்தில் மழைத்துளி ஓடியது. பல வருஷமாக நான் பார்த்திராத ஒரு நிறைவு அதில் இருந்தது.

“நல்லாச் சொன்னேனா?” என்றார்.

“நல்லாச் சொன்னீங்க,” என்றேன்.